இடது வேலிக்கு அப்பால்

அவன் அடித்து நான் பார்த்ததில்லை.
வேலிக்கு இந்தப் பக்கம் என் கொல்லை,
அந்தப் பக்கம் அவன் மைதானம்.
நடுவில் பதினான்கு அடி உயரத்துக்குப் பலகை.
நுழைவுச் சீட்டு முப்பது சென்ட்.

கேட்டிருக்கிறேன்.
மற்றவர்கள் மட்டை ‘டொக்’ என்னும், அவ்வளவுதான்.
ஹோஸியா டான்ட்ஸ்லர் அடித்தால்
பெரிய வீட்டுக் கதவை யாரோ
கோபத்தில் சாத்தியது போலிருக்கும்.
பிறகு சத்தமில்லை.
கூட்டம் மூச்சை உள்ளே இழுத்து வைத்திருக்கும்.
வெள்ளாவிப் பானையைக் கிளறும் கோலை விடாமல்
நான் எண்ணுவேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கொடியில் காயும் விரிப்பு
வயிற்றில் குத்துப்பட்டவனாட்டம் மடங்கும்.

கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது.
பெஸ்ஸமர், அலபாமா, 1938.
சோப்பு நாற்பது சென்ட். நீலம் ஐந்து.
கஞ்சிமாவு பத்து.
பந்து இரண்டு, வரவு முப்பது.
புதுப் பந்து வாங்க வக்கில்லாத அணி.
எல்மோர் என்றொரு பொடியன் மூச்சிரைக்க வருவான்,
பந்துக்குப் பதினைந்து என்று எண்ணி வைப்பான்,
தையலைத் தடவி,
“இதையும் கோணலாக்கிட்டார்” என்று சலித்துக்கொள்வான்,
முகமெல்லாம் சிரிப்பாக.
ஜன்னல் கண்ணாடி ஒன்று, செலவு அறுபது.
மேலாளர் கடன் சொன்னார்.
அது அப்படியே நிற்கிறது.

ஒரே ஒரு தடவை ஆளைப் பார்த்தேன்.
ஆளை என்று சொல்லக் கூடாது, பாதங்களை.
படுக்க இடம் கொடுக்கும் விடுதி எங்களூரில் இல்லை;
பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருந்தான்,
ஜன்னலுக்கு வெளியே கால் நீட்டி.
காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது.

வெள்ளைக்காரர் பத்திரிகையில் திங்கட்கிழமை
பஞ்சு விலை இருக்கும், குதிரைப் பந்தயம் இருக்கும்,
யாரோ தொலைத்த நாய்க்கு அடையாளம் இருக்கும்.
ஆகவே எங்களூரில் டான்ட்ஸ்லருக்குச் சாட்சி
என் நோட்டும்
நீதிபதி வெதர்ஸ்பியின் சட்டையும்தான்.

அந்தச் சட்டை!
நடுமுதுகில் உருண்டையாய்ச் செம்மண் தடம்,
தையல்கூடப் பதிந்திருந்தது.
மூன்று முறை வெளுத்தும் போகவில்லை.
அம்மாள் கூலியில் பிடித்துக்கொண்டாள்.
அன்றைக்கு அவனைத் திட்டினேன், மறைப்பானேன்.
அவ்வளவு பலம் இருக்கிற மகராசன்
வலது பக்கம் அடித்துத் தொலைத்தால் என்ன?

ஆகஸ்ட், கடைசி ஞாயிறு.
கதவு சாத்திய சத்தம்.
எண்ணினேன். நாலு. ஐந்து.
எதுவும் விழவில்லை.
தலையைத் தூக்கினால்,
கூரைக்கு மேலே, புகைபோக்கிக்கும் மேலே
இறங்குகிற யோசனையே இல்லாமல்
போய்க்கொண்டிருக்கிறது.

ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன்.
தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது.
அதற்கு அந்தப் பக்கம் நகராட்சிப் பூங்கா.
வாயிலில் ஓர் அறிவிப்பு,
எங்களுக்காகவே எழுதி வைத்தது.
பந்துக்கு வாசிக்கத் தெரியாது.
நீச்சல்குளத்தின் நட்டநடுவில் விழுந்து
முங்கி, எழுந்து, மிதந்தது.
குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.
காவல்காரன் வானத்தைப் பார்த்தபடி நின்றான்,
யாரைப் பிடிப்பதென்று தெரியாமல்.

எல்மோர் தண்டவாளம் வரைக்கும் ஓடினான்.
அங்கேயே நின்றான்.
பையில் காசு குலுங்குவது நின்றது.
அன்றிரவு நோட்டில் ‘பந்து, ஒன்று’ என்று எழுதி
எதிரே என்ன போடுவதென்று விளங்காமல்
காலியாக விட்டேன்.

மறுநாள் காலையில் குளத்தை வடித்தார்கள்.
பந்துக்காகவா,
இல்லை, திங்கட்கிழமைகளில் வடிப்பதுதானா,
நான் கேட்கவில்லை. சொல்லவும் ஆளில்லை.
தண்ணீர் வாய்க்காலில் இறங்கி,
ரயில் பாதைக்கு அடியில் குழாயில் நுழைந்து
என் கொல்லையோரம் வந்தது.
தெளிந்த தண்ணீர். அதுவோ
கிணறு சேறாகிக் கிடந்த மாதம்.
வாளி வாளியாக மொண்டு
நீதிபதி வீட்டு விரிப்புகளை
அதில்தான் அலசினேன்.

அந்த வாரம் கூலி குறையவில்லை.
வெளுப்பு நன்றாயிருந்ததாக
அம்மாள் சொல்லி அனுப்பினாள்.